சாக்ஸபோன் மேல் பழி போடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாக் கூட்டம். வடக்கனந்தலில் கூட்டம் என்றால் எப்படி என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஏழு மணி என்று தண்டோரா போட்டால் எட்டரைக்குத்தான் பாய் விரிப்பார்கள். போன வருஷக் கணக்கு படித்து, பந்தல், சீரியல் லைட்டு, வாணவேடிக்கை எல்லாம் பேசி முடித்து, மேளம் என்ற இடத்தில் வந்து வண்டி நின்றுவிட்டது.

இளைஞர் ஒருவர் எழுந்தார். "இந்த வருஷம் நாதஸ்வரம் வேணாங்க. ஒரு நாள் கேரளா செண்டை, ஒரு நாள் சாக்ஸபோன் பார்ட்டி. ஜனங்க அதுக்குத்தான் நின்னு பாக்கறாங்க."

என் வயதுக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளக்காரன் ஊதுகுழல அம்மன் முன்னாடி ஊதறதா? நம்ம நாதஸ்வரத்த அழிச்சதே அந்தச் சனியன்தான்யா!"

அப்புறம் என்ன, பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். முடிவாகாமல் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. 39 வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்குக் கூட்டத்தில் எழுந்து பேச நாக்கு புரளாது. எழுதத்தான் வரும். அதனால் எழுதுகிறேன். என் கட்சி இரண்டும் இல்லை. இளைஞர் சொன்னதும் தப்பு, என் சிநேகிதர் சொன்னதும் தப்பு. சிநேகிதர் சொன்னது கூடுதல் தப்பு. ஏன் என்று சொல்ல ஒரு அமெரிக்காக்காரரைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அவருக்கு முன்னால் ஒரு ரேடியோவைப் பற்றி.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1976இல். அப்போதெல்லாம் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நாள் தவறினால் அபராதம். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சின்னசேலத்தில் நான் அந்தப் புத்தகத்தில் முத்திரை குத்திக் குத்தி, கடைசியில் எனக்கே ஆசை வந்து ஒரு பழைய டிரான்சிஸ்டர் வாங்கினேன். ராத்திரி சிற்றலையில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால் சிலோன், பீக்கிங், மாஸ்கோ, எல்லாம் இரைச்சலோடு வரும். ஒருநாள் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா மாட்டியது. வில்லிஸ் கோனோவர் என்பவர் ஜாஸ் இசை நிகழ்ச்சி நடத்தினார். இங்கிலீஷ் தெரியாத நாட்டுக்காரனுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் வைத்திருந்த எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதில்தான் சாக்ஸபோனை முதலில் கேட்டேன். என் அம்மா, "என்னடா இது, ஈத்துக்கு நிக்கிற எருமை மாதிரி கத்துது" என்றாள். எனக்கு மட்டும் பழக்கமான சத்தம் போல இருந்தது. எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே என்று புரிய நாலைந்து ராத்திரி ஆயிற்று. கோமுகி அணைக்கரையில் விடியற்காலையில் எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர் சாதகம் பண்ணுவார். தண்ணீர் மேல் தவழ்ந்து ஊர் வரைக்கும் அந்த ஓசை வரும். அதே அழுகை, அதே இழுப்பு.

ஜாஸ் பற்றிப் பெரிதாக எனக்குத் தெரிந்துவிடவில்லை. ஆனால் ஒன்று பிடிபட்டது. முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டை வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அந்தப் பாட்டின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு தன் கற்பனையில் போவார்கள். முடிந்ததும் திரும்ப எல்லாரும் பாட்டுக்கு வந்து சேர்வார்கள். பல்லவியை எடுத்து நிரவல், கல்பனாஸ்வரம், தனி என்று சுற்றிவிட்டுப் பல்லவிக்கே வருகிற நம் கச்சேரிக்கு இது ரொம்ப தூரம் இல்லை. கறுப்பின அமெரிக்கர்கள் உண்டாக்கிய இசை அது. பயிரிட்டவர்களைப் பின்கதவு வழியாக உள்ளே விட்டுவிட்டு, பாட்டை மட்டும் முன்வாசலில் கைதட்டிக் கேட்ட கதை அங்கேயும் நடந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த அமெரிக்காக்காரர். பெயர் சார்லி மரியானோ. 1923 நவம்பர் 12இல் பாஸ்டன் நகரத்தில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். வாசித்தது ஆல்டோ சாக்ஸபோன். 1950களில் ஸ்டான் கென்டனின் பெரிய பேண்டில் இருந்தார். பிறகு ஜப்பானியப் பியானோக் கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்து, இருவருமாக ஒரு நால்வர் குழு நடத்தினார்கள். 1963இல் சார்லஸ் மிங்கஸ் என்கிற மேதை ஒரு பெரிய இசைத்தட்டு போட்டார், 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' என்று. அதில் ஆல்டோ வாசித்தவர் மரியானோ. பாஸ்டனில் இருக்கிற பெர்க்லி இசைக்கல்லூரியில் வாத்தியாராகவும் இருந்தார். ஜாஸ் கற்க உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் போகிற இடம் அது. மொத்தத்தில் தொழிலில் பேர் எடுத்துவிட்ட மனிதர்.

1960களின் பிற்பகுதியில் மலேசியா வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்க அவர் கோலாலம்பூர் போனார். சொல்லிக்கொடுக்கப் போன மனிதர் அங்கே நம் ஆட்கள் நாதஸ்வரம் ஊதுவதைக் கேட்டுவிட்டார். (நாகஸ்வரம் என்பதுதான் சரி என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் வாயில் நாதஸ்வரம் என்றுதான் வருகிறது, விட்டுவிடுங்கள்.) வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கையில் உத்தியோகம், பெயர், எல்லாம் உண்டு. மனிதர் மாணவனாக உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது வயதில் இது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். சாக்ஸபோன் பித்தளையில் செய்தது. அடோல்ஃப் சாக்ஸ் என்கிற பெல்ஜியம்காரர் கண்டுபிடித்து 1846இல் காப்புரிமை வாங்கியது. துளைகளை விரலால் மூடுவதில்லை. விசையை அமுக்கினால் மூடி போய் உட்காரும். வாயில் வைக்கிற இடத்தில் ஒற்றை நாணல் பட்டை. நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைந்தது. விசையும் கிடையாது, மூடியும் கிடையாது, வெறும் துளை, வெறும் விரல். பாதி மூடினால் ஒரு சுரம், கால் மூடினால் ஒரு சுரம், விரலை எடுக்காமலே மூச்சை அழுத்தினால் இன்னொன்று. சீவாளி வேறு இரட்டை நாக்கு. ஒரு நாள் பேசும், ஒரு நாள் பேசாது, மழை பெய்தால் கோபித்துக்கொள்ளும். இருபது இருபத்தைந்து வருஷம் விசையில் பழகிய விரல்களை அதில் வைத்து, முதல் மாசம் என்ன சத்தம் வந்திருக்கும்! பெர்க்லி மாணவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

ஆனால் விடவில்லை. பிறகு இந்தியாவுக்கே வந்து கற்றார். 1970களில் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்து, ஜாஸ் மேடைகளில் சாக்ஸபோனோடு நாதஸ்வரத்தையும் ஏற்றினார். 1976இல் வந்த 'ஹெலன் 12 ட்ரீஸ்' என்ற இசைத்தட்டில் நாதஸ்வரமும் ஊதியிருக்கிறார். 1983இல் பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு, ஆர்.ஏ. ராமமணி அம்மாள் பாட, 'ஜோதி' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதில் வாசித்தது சாக்ஸபோனும் புல்லாங்குழலும். பெங்களூரில் இருக்கிற என் மகன் காரில் அதைப் போட்டான். அப்படித்தான் எனக்கு இவர் அறிமுகம். ஓசூர் தாண்டி தருமபுரி வரும்வரைக்கும் நான் பேசவே இல்லை. "அப்பா தூங்கிட்டீங்களா?" என்று கேட்டான். 2009 ஜூன் 16இல், 85 வயதில், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் மரியானோ காலமானார்.

இந்த இடத்தில் வழக்கமாக என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். "பார்த்தீர்களா, வெள்ளைக்காரனுக்குத் தெரிந்த அருமை நமக்குத் தெரியவில்லை!" வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வரும். எனக்கு அது பிடிக்காது. மரியானோ நம் பண்பாட்டைக் காப்பாற்ற வரவில்லை. தன் இசைக்கு ஒரு ஓசை குறைந்தது, அது நம்மிடம் இருந்தது, கற்றுக்கொண்டு போனார். சாக்ஸபோனைத் தூக்கிப் போடவும் இல்லை. கடைசிவரை அதுதான் அவர் தொழில். நான் அவரிடம் பார்க்கிறது வேறு. அவர் ஊதினபோது நாதஸ்வரம் மேடையின் நடுவில் இருந்தது. ஜனங்கள் டிக்கெட் வாங்கி, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அதே மரம், அதே சீவாளி. அந்த வாத்தியத்தில் குறைச்சலாக ஏதும் இல்லை என்பதற்கு எனக்கு இது போதும். குறைச்சல் வேறு எங்கோ இருக்கிறது.

எதிர்த் திசையில் வந்தவரை உங்களுக்கே தெரியும். கத்ரி கோபால்நாத். 1994இல் கே. பாலசந்தரின் 'டூயட்' படத்தில் பிரபு சாக்ஸபோன் வாசிப்பாரே, அந்த ஓசைக்குச் சொந்தக்காரர். ஏ.ஆர். ரஹ்மான் இசை. அந்தப் படத்துக்கப்புறம்தான் எங்கள் பக்கத்துக் கல்யாண ரிசப்ஷன்களில் சாக்ஸபோன் இல்லாத கச்சேரியே இல்லை என்று ஆனது. என் சிநேகிதரின் கோபமெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சிநேகிதருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கோபால்நாத் நாதஸ்வர வீட்டுப் பிள்ளை. 1949இல் தென்கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா தனியப்பா நாதஸ்வர வித்வான். சின்ன வயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கினார். ஆனால் அதில் கர்நாடக சங்கீதம் கைக்கு வர ஏறத்தாழ இருபது வருஷம் பிடித்தது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் மிருதங்க வித்வான் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார். மரியானோ பட்ட பாட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் துளையில் வழுக்கிப் போகிற கமகத்தை, விசையும் மூடியும் போட்ட வாத்தியத்தில் கொண்டுவர வேண்டும். விரலால் முடியாததை உதட்டாலும் மூச்சாலும் செய்ய வேண்டும். வாத்தியத்திலேயே தனக்கு ஏற்றபடி சில மாற்றங்களும் செய்துகொண்டார்.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹாண்டி என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் இவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டாராம். இந்த ஹாண்டியும் மிங்கஸ் குழுவில் இருந்தவர்தான், மரியானோவுக்கு முந்தி. உலகம் எவ்வளவு சின்னது பாருங்கள். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் புரோம்ஸ் விழாவில் வாசித்தார். 2004இல் பத்மஸ்ரீ. எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான அதே 2019இல், அக்டோபர் 11ஆம் தேதி, மங்களூரில் காலமானார்.

இன்னும் ஒரு சங்கிலி உண்டு. ருத்ரேஷ் மகந்தப்பா என்று ஒரு அமெரிக்க ஜாஸ் கலைஞர், பெற்றோர் கர்நாடகத்துக்காரர்கள். மரியானோ பாடம் நடத்திய அதே பெர்க்லியில் இவர் படித்தவர். கோபால்நாத்தின் இசைத்தட்டு ஒன்றை அண்ணன் விளையாட்டாகக் கொடுக்க, அது பிடித்துப்போய், வருஷங்கள் கழித்து கோபால்நாத்தையே தேடி வந்தார். இருவரும் சேர்ந்து 2008இல் 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டு போட்டார்கள். உறவுக்காரர்கள் என்று அர்த்தம். மகந்தப்பா பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பிரிவை நடத்தப் போனார்.

இதையெல்லாம் பார்த்தபிறகும் சாக்ஸபோன் எதிரி என்று நான் எப்படிச் சொல்வேன்? பிடிலும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் கற்று நம் சங்கீதத்தில் சேர்த்தார். இன்று பிடில் இல்லாமல் பாட்டுக் கச்சேரி உண்டா? கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி மேடையில் உட்காரவைத்தார். அதனால் வாய்ப்பாட்டு செத்துவிட்டதா, நாதஸ்வரம் செத்துவிட்டதா?

அப்படியானால் நம் ஊரில் நாதஸ்வரம் ஏன் இந்தக் கதிக்கு வந்தது? இதற்குப் பதில் சொல்ல என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2006இல் என் மகள் கல்யாணம், கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மெல்லிசைக் குழு. அதில் கோட்டு போட்ட ஒரு சாக்ஸபோன்காரர், இருபத்தைந்து வயது இருக்கும். 'டூயட்' பாட்டு ஒன்று வாசித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானே மேடைக்குப் போய், "சார், ரொம்பப் பிரமாதம். காபி சாப்பிடுங்க சார்" என்று டம்ளரைக் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலை முகூர்த்தம். அணைக்கரையில் சாதகம் பண்ணுவார் என்று சொன்னேனே, அவருடைய மகன்தான் நாதஸ்வரம். தந்தைக்கு அப்புறம் ஊரில் அவர்தான். தாலி கட்டி முடிந்தது. அவர் தோடி எடுத்தார். நிதானமாக ஏறி மேலே ஒரு இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அப்போது வாழ்த்துப் பேச ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்தார். வீடியோக்காரர் என்னைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டினார். நான் இருந்த இடத்திலிருந்தே, காக்காயை விரட்டுகிற மாதிரி, கையை இப்படி ஆட்டினேன். அவ்வளவுதான். பாதி ராகத்தில் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, சீவாளியைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். தோடியை இறக்கிக்கூட வைக்கவில்லை.

அத்தோடு விட்டேனா? மூன்று மணிக்குக் கணக்கு முடிக்கப் பந்திக் கூடத்துக்குப் போனால், கடைசிப் பந்தியில் மேளக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாயசம் தீர்ந்துவிட்டது, அப்பளம் இல்லை. காலை நாலரையிலிருந்து ஊதின மனிதர். பேசின தொகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். "செலவு எகிறிப்போச்சுய்யா, பாத்துக்க" என்றேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர், அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் அந்தப் பையனுக்கு சார். இன்றைக்கு இவருக்கு 'ய்யா', 'பாத்துக்க'. "பரவால்ல சார், பாப்பா கல்யாணம்தானே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாளும் தாளம் போட்டுக்கொண்டு அவருடைய பையன் கூட இருந்திருக்கிறான். பன்னிரண்டு வயது. முந்தின நாளே அப்பாவோடு மண்டபத்துக்கு வந்து, மேடைக்குக் கீழே உட்கார்ந்து ரிசப்ஷன் பார்த்திருக்கிறான். எனக்கு அது ஞாபகமே இல்லை.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. சேலத்தில் ஒருவரிடம் கற்று, கடன் வாங்கி ஒரு சாக்ஸபோன் வாங்கி, ஊர் ஊராகப் போய் வாசிக்கிறான். கூட்டத்தில் அந்த இளைஞர் சொன்ன 'சாக்ஸபோன் பார்ட்டி' இவன்தான். ரெண்டு மாதம் முன்னால் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "ஏன் தம்பி, அப்பா கையில இருக்கிறத விட்டுட்டு இதுக்குப் போன?" என்று கேட்டேன். உபதேசம் பண்ணுகிற குரலில்தான் கேட்டேன், மறைப்பானேன்.

சிரித்தான். "உங்க வீட்டுக் கல்யாணத்துலதான் சார் ஆசை வந்துச்சு."

"அந்த ஆளு நல்லா வாசிச்சாரு, இல்ல?"

"வாசிப்ப எங்க சார் பாத்தேன். நீங்க அவருக்குக் காபி குடுத்தீங்க பாருங்க, அதத்தான் பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். எனக்குத்தான் அந்த வெயிலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் சாக்ஸபோனில் வாசிக்கிற தோடி யாருடையது என்கிறீர்கள்? சேலத்து வாத்தியார் விசையும் மூச்சும் சொல்லிக்கொடுத்தார். ராகமெல்லாம் வீட்டில் அப்பா ஊத ஊதக் கேட்டது. போன மாதம் பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் ஒரு பத்து நிமிஷம் நின்று கேட்டேன். கண்ணை மூடினால் அணைக்கரை ஓசை. கோபால்நாத் வீட்டில் நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கிறது, அளவுதான் வேறு. நாதஸ்வரம் பித்தளைச் சட்டை போட்டுக்கொண்டு, மரியாதை கிடைக்கிற இடத்துக்குக் குடிபோயிருக்கிறது.

இதில் சாதியும் இருக்கிறது. மங்கல வாத்தியம் என்போம், அது இல்லாமல் தாலி ஏறாது என்போம். ஊதுகிறவரை 'பீப்பீக்காரன்' என்று பிள்ளைகள் கூப்பிட்டால் கண்டுகொள்ள மாட்டோம். எங்கள் பக்கத்து ஊர்களில் வாத்தியக்காரர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், எந்தத் திண்ணையில் உட்காரவைக்கப்பட்டார்கள் என்று என் வயதுக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளிமலைப் பக்கம் கல்யாணத்துக்கு ஊதப் போய், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, மலையிலிருந்து இறங்குகிற லாரியில் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்த கதைகள் அவரிடம் எத்தனையோ உண்டு. கோட்டு போட்டு சாக்ஸபோன் தூக்கினவனை யாரும் என்ன சாதி என்று கேட்பதில்லை. குறைந்தபட்சம் முதலில் கேட்பதில்லை. முப்பது வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

மரியானோவுக்கு அந்தக் கணக்கு இல்லை. கல்லூரிச் சம்பளம் வாங்கியவர், பேர் பெற்றவர். நாதஸ்வரம் அவரைக் கீழே இறக்காது. நம் பையன் அதே வாத்தியத்தை எடுத்தால் கடைசிப் பந்தி. அவரைக் காட்டி இவனைத் திட்டுவது நியாயமே இல்லை.

சரி, கூட்டத்துக்கு என்ன சொல்கிறேன்? காலை அபிஷேகத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் அப்பா நாதஸ்வரம் ஊதட்டும். மல்லாரி இல்லாமல் அம்மன் வாசல் தாண்டக் கூடாது. ராத்திரி மேடையில் மகன் சாக்ஸபோன் வாசிக்கட்டும். இருவருக்கும் ஒரே தொகை. கேரளாவிலிருந்து செண்டை வரவழைக்கப் பேசுகிற தொகையில் பாதியிலேயே இது முடிந்துவிடும். அவர்களுக்கு முதல் பந்தியில் இலை போட வேண்டும். அப்பா வாசிக்கும்போது மைக்செட்காரர் நன்கொடைப் பெயர் படிக்கக் கூடாது. இது முக்கியம், எழுதிக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுக்கிற விஷயமும் இருக்கிறது. விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு, நாதஸ்வரமும் தவிலும் அங்கே பாடம்தான். ஆனால் இங்கிருந்து ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை விழுப்புரம் போய்வர நாள் பூராவும் ஆகிவிடும். கோயில் மண்டபம் சாயங்காலம் சும்மாதான் கிடக்கிறது, சீட்டாட்டம் தவிர. அங்கே அவர் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். எந்தத் தெருப் பிள்ளையானாலும் சரி, ஆணோ பெண்ணோ. முதலில் நாதஸ்வரம், அப்புறம் ஆசைப்பட்டால் மகனிடம் சாக்ஸபோன். மாதம் இரண்டாயிரம் ரூபாய் என் பென்ஷனிலிருந்து தருகிறேன். 2006 பாக்கி ஐந்நூறுக்கு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் அவர் கௌரவமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம்.

இதை எழுதுவதற்கு முன்னால் அவரைக் கேட்க வேண்டாமா என்று நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். சீவாளியை எடுத்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "உக்காருங்க சார்" என்றார். "நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லி நானும் திண்ணையில் உட்கார்ந்தேன். 'நீங்க' என்றதும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை. ஐந்நூறு ரூபாயை நான் எடுத்து நீட்டியபோது மட்டும், "எதுக்கு சார்?" என்று கேட்டு, நான் சொன்னதும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போனில் மரியானோவின் நாதஸ்வரத்தைப் போட்டுக் காட்டினேன். நூலை விட்டுவிட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்து முழுசாகக் கேட்டார். பிறகு திரும்பவும் போடச் சொன்னார்.

"மூச்சு நல்லாருக்கு சார். சீவாளிய அடக்கிட்டாரு. கமகந்தான் பத்தல, இன்னும் ரெண்டு வருஷம் ஒக்காந்திருக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எத்தன வயசுல ஆரம்பிச்சாரு?" என்றார்.

நாற்பதுக்கு மேல் என்றேன்.

"அப்ப பெரிய ஆளுதான். இங்க பத்து வயசுக்கு மேல வந்தா நாங்க சேத்துக்கறதில்ல." உள்ளே பார்த்து, சாருக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

சொல்லிக்கொடுக்கச் சம்மதம்தானா என்று கேட்டேன். பிள்ளைகள் வரட்டும், பார்க்கலாம் என்றார். கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு. இதைப் படிக்கிற உள்ளூர்க்காரர்கள் எட்டரைக்கு வராமல் ஏழுக்கே வாருங்கள். இந்தத் தடவை நானே எழுந்து பேசுவதாக இருக்கிறேன்.